மட்டமான சரக்கு

ஹூக்குக்காரர் வீட்டுக்கு வழி கேட்டு வருகிறவர்களுக்கு அந்தத் தெருவில் யாரும் கதவு எண் சொல்ல மாட்டார்கள். "எண்ணெய் கருகுற வாடை வரும் பாருங்க, அங்க நில்லுங்க" என்பார்கள். முன்னறையில் ஒரு லேத், ஒரு சின்ன உலை, ஒரு எண்ணெய்த் தொட்டி. பின்னறையில் குடித்தனம். இரண்டுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் திரை. திரை இருந்து என்ன பிரயோஜனம், சோற்றிலும் அதே வாடை, தலையணையிலும் அதே வாடை. மழைக்காலத்தில் ஜன்னலைச் சாத்திவிட்டால் கேட்கவே வேண்டாம்.

அவர் செய்வது ஒரே ஒரு சாமான். தையல் மெஷினில் ஊசிக்குக் கீழே, தகட்டுக்கு அடியில், யார் கண்ணுக்கும் படாமல் சுற்றிக்கொண்டிருக்கும் ஹூக். ஊசி ஒரு தரம் இறங்கி ஏறுவதற்குள் அது இரண்டு சுற்றுச் சுற்றி, மேல்நூலைத் தன் மூக்கால் பிடித்து, கீழ்நூலோடு கோத்து விட்டுவிடும். தையல் என்பது அவ்வளவுதான். மூக்கு மழுங்கலாக இருந்தால் நூலைத் தவறவிடும். ரொம்பக் கூராக இருந்தால் நூலை அறுத்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு மயிரிழை இடம் இருக்கிறது. ஹூக்குக்காரர் இருபது வருஷமாக அந்த இடத்தில்தான் குடியிருந்தார்.

உருட்டுக் கம்பியை அறுத்து, லேத்தில் கடைந்து, உலையில் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் போடுவது வரை அவர் வேலை. அதற்குப் பிறகு பொருள் அக்கா கைக்குப் போகும். அவருடைய அக்கா, புருஷனைச் சாகக் கொடுத்துவிட்டுத் தம்பி வீட்டோடு வந்து தங்கியவள். பாலிஷ் சக்கரத்தில் ஹூக்கை வைத்துத் தேய்த்துத் தேய்த்து, மூக்கின் மேல் ஒரு நூலை இழுத்துப் பார்ப்பாள். ஓர் இழை சிலிர்த்தாலும் மறுபடி சக்கரம். அந்த நூல், ஃபாக்டரியில் நூல் சுற்றி வரும் கோன்களின் அடியில் மிஞ்சும் கழிவு. அதைக் கொண்டுவருவது ஹூக்குக்காரரின் மனைவி.

மனைவி ஏற்றுமதித் துணி ஃபாக்டரியில் காலர் தைக்கிறவள். காலர்க்காரி என்றால்தான் ஃபாக்டரியில் தெரியும். அவள் தைக்கிற மெஷினிலும், அவள் வரிசையில் இருக்கிற முப்பது மெஷினிலும் சுற்றுவது அவள் வீட்டு ஹூக்தான். லைன் மெக்கானிக் மாதம் ஒரு தரம் பையோடு வந்து வாங்கிப் போவான். வெளிநாட்டிலிருந்து வரும் அசல் ஹூக் ஒன்றின் விலைக்கு இவரிடம் ஒன்பது கிடைக்கும். வேலையும் குறைவில்லை. சொல்லப்போனால் அசலை விட ஒருபடி மேலே. அசல் மூக்கில் ஒரு பிசிறு உண்டு, பருத்தி நூல் என்றால் அறுத்துத் தள்ளும். இவர் அந்த இடத்தைக் கொஞ்சம் உருட்டிவிட்டிருந்தார்.

வம்பு மூன்று எழுத்தில் இருந்தது. அசல் ஹூக்கின் முகத்தில் அந்தக் கம்பெனியின் பெயர் மூன்றே எழுத்தில் வெட்டியிருக்கும். இவர் ஆரம்பத்தில் மொட்டையாகத்தான் செய்து கொடுத்தார். மெக்கானிக்குகள் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். ஊசி அடிக்கு இறங்கும்போது அந்த எழுத்து தலை நேராக நிற்க வேண்டும், அப்போதுதான் ஹூக் சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று கணக்கு. எழுத்து இல்லாத ஹூக்கை அவர்கள் எதை வைத்து மாட்டுவார்கள்? ஒரு கோடு போட்டுக் கொடுத்துப் பார்த்தார். கோட்டுக்குத் தலை எது, கால் எது என்றார்கள். சரி போங்கடா என்று எழுத்தையே வெட்ட ஒரு அச்சு செய்துகொண்டார். அது என்ன பாஷை, என்ன எழுத்து என்றுகூட அவருக்குத் தெரியாது. திருகாணிக்கு மரை எப்படியோ அப்படி, அதுவும் சாமானில் ஒரு பாகம் என்றுதான் நினைத்தார்.

இப்படி இருக்கையில், கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய நாடு ஒன்று ஒரு பட்டியல் போட்டது. தங்கள் கம்பெனிகளின் சாமான்களைக் கள்ளத்தனமாகக் காப்பியடிக்கும் நாடுகளின் பட்டியல். இந்த நாட்டின் பெயர் அதில் நடுவாக இருந்தது. நாங்கள் சொல்கிறபடி சட்டம் போடுங்கள், போட்டால் போதாது, ஆட்களைப் பிடித்துக் காட்டுங்கள், இல்லாவிட்டால் உங்கள் துணிக்குத் தரும் வரிச் சலுகையை எடுத்துவிடுவோம் என்றது. சலுகை போனால் ஃபாக்டரிகள் மூடும். அவர்கள் எழுதி அனுப்பியதை இங்கே மொழிபெயர்த்து, கை தூக்கி, நாலே வாரத்தில் சட்டமாக்கினார்கள். ரேஷன் கடைக்குக் கூரை போடக் கேட்டால் நாலு வருஷம் ஆகிற ஊர் அது.

சட்டம் வந்தது காலர்க்காரிக்கும் தெரியும். ஃபாக்டரி வாசலில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். "நம்ம வேலையைக் காப்பாத்தறதுக்கு" என்றார் மேனேஜர். எல்லோரும் போட்டார்கள், அவளும் போட்டாள். திருட்டு மருந்து, திருட்டு சினிமா என்று என்னவோ அதில் இருந்தது. தன் வீட்டு முன்னறை அதில் இருக்கும் என்று அவளுக்கு எப்படித் தோன்றும்?

மழை விட்டிருந்த ஒரு காலையில் ஃபாக்டரிக்கு இரண்டு வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். ஒருவர் துணி வாங்குகிற கம்பெனியின் ஆள். இன்னொருவர் எதற்கு வந்தார் என்று யாரும் சொல்லவில்லை. கூட ஒரு மொழிபெயர்க்கும் பெண். அசல் ஹூக் மாட்டிய புது மெஷின்கள் இருந்த பக்கத்து வரிசையில் நூல் அறுந்து அறுந்து வேலை நின்றுகொண்டிருந்தது. காலர் வரிசை மட்டும் நிற்காமல் ஓடியது. அந்த இரண்டாவது ஆள் அவள் பக்கத்தில் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உங்க வரிசையில நூலே அறுகலையே, அது எப்படின்னு சார் கேக்கறாரு" என்றாள் மொழிபெயர்க்கும் பெண்.

பின்னால் நின்ற லைன் மெக்கானிக் இருமினான். இருமியது அவள் காதில் விழுந்தது, ஆனால் மண்டையில் ஏறவில்லை. பதினோரு வருஷ வேலையில் அவளிடம் யாரும் நிற்க வைத்து ஒரு கேள்வி கேட்டதில்லை. அதுவும் இப்படிச் சிரித்த முகத்தோடு.

"எங்க வரிசையில எல்லாம் எங்க வீட்டுக்காரர் பண்ற ஹூக்கு. கம்பெனி ஹூக்கு ரெண்டு மாசத்துல பல்லைக் காட்டிடும். இது வருஷக்கணக்கா உழைக்கும். அவரு கைக்கு ஈடு கிடையாது" என்றாள்.

அந்த ஆள் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தார். இன்னொரு தரம் சொல்ல முடியுமா என்று கேட்டார். காலர்க்காரி தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, இன்னொரு தரம் சொன்னாள். இரண்டாவது தரம் முதல் தரத்தைவிட நன்றாகச் சொன்னாள். வீடு எந்தத் தெரு என்று கேட்டதற்கு, எண்ணெய் வாடையைச் சொல்லி அடையாளமும் சொன்னாள்.

அவர்கள் போன பிறகு மெக்கானிக் வந்து மெஷின் மேல் கையை ஊன்றி நின்றான்.

"ஏங்க்கா, வாயில பூட்டு கீட்டு ஒண்ணும் கிடையாதா உங்களுக்கு? நான் அங்க உசுரு போற மாதிரி இருமறேன்."

"நல்லதத்தானேடா சொன்னேன்?"

"அதான்க்கா. அதான் வினை."

நாலாம் நாள் வந்துவிட்டார்கள். அவள் ஃபாக்டரியிலிருந்து திரும்பும்போது வாசலில் ஜீப் நின்றது. ஆறு பேர், ஒரு கேமரா. அக்கா பாலிஷ் பசை அப்பிய கையோடு சுவரோடு ஒட்டி நின்றாள். ஹூக்குக்காரருக்கு மட்டும் பயமே வரவில்லை. அதுதான் கொடுமை. இத்தனை படித்தவர்கள் தன் வேலையைப் பார்க்க வந்திருக்கிறார்களே என்று, நின்று நிதானமாக விளக்கிக்கொண்டிருந்தார்.

"இது எதுக்கு?" என்று அதிகாரி அச்சைக் காட்டிக் கேட்டார்.

"அது எழுத்து வெட்டறதுக்கு சார். இருங்க, வெட்டியே காட்டறேன். இப்படி வெச்சு ஒரே அடி. ரெண்டாவது அடி விழக் கூடாது, விழுந்தா எழுத்து இரட்டிச்சுப் போயிடும். பாத்தீங்களா? அசலுக்கும் இதுக்கும் யாராவது வித்தியாசம் சொல்லட்டும் பாப்போம்."

கேமராக்காரன் வெளிச்சம் போதவில்லை என்றான். ஹூக்குக்காரர் ஜன்னலைத் திறந்துவிட்டு, அவனுக்காக இன்னொன்று வெட்டிக் காட்டினார்.

"என்னங்க, சும்மா இருங்க, வாயை மூடுங்க" என்று காலர்க்காரி வாசலில் நின்றவர்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். அதற்குள் அதிகாரி தாளை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டார். அவர் கெட்டவர் என்று சொல்ல முடியாது. எழுதி முடித்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"என்னைத் திட்டாதம்மா. இந்த வருஷ முடிவுக்குள்ள நூறு கேசு காட்டணும்னு மேல இருந்து நெருக்கறாங்க. கொலைகாரனப் பிடிக்கறதுக்குக்கூட எங்களை இப்படி விரட்டினதில்ல. பெரிய ஆளுங்க மேல கை வெக்க முடியுமா? ஹூக் கம்பெனிகிட்ட இருந்து கம்ப்ளெயின்ட்டும் வந்திருக்கு, நீயே பேசின வீடியோவும் இருக்கு" என்றார்.

அப்போதுதான் ஹூக்குக்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "என்ன வீடியோ?" என்றார். அவள் பதில் சொல்வதற்குள் அவரை ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். லேத்துக்குச் சீல் வைத்தார்கள். ஹூக்குகளை மூட்டை கட்டினார்கள். உலை அணையாமல் இருந்ததால் அக்கா கடைசியாக அதை அணைத்தாள்.

அன்றிலிருந்து அக்கா அவளோடு நேராகப் பேசுவதை விட்டுவிட்டாள். சோறு வடிக்கும்போது பாத்திரத்தோடு பேசுவாள். "நாக்கு இருக்கே, அது சும்மா இருக்குமா? ஊர்ல நாலு பேரு பொண்டாட்டி புருஷனைக் குறை சொல்லித்தான் பாத்திருக்கேன். இங்க புகழ்ந்தே உள்ள தள்ளியாச்சு."

"அண்ணி, எனக்கென்ன தெரியும்? தெரிஞ்சா சொல்லுவேனா?"

"தெரியாதாம். கையெழுத்துப் போடத் தெரிஞ்சுது. ஜீப்புக்கு வழி சொல்லத் தெரிஞ்சுது."

"நான் வேலைய விட்டுடறேன் அண்ணி. அந்த ஃபாக்டரி வாசப்படிய மிதிக்கவே பிடிக்கல."

"விட்டுட்டு? வக்கீலுக்கு யாரு குடுப்பா, உங்க வெளிநாட்டு மாமனா? போ, போய்த் தை."

போய்த் தைத்தாள். வேறு என்ன செய்ய?

வக்கீல் சின்ன வயசுக்காரர். ஒரு டீக்கடை மாடியில் ஆபீஸ். மேஜையில் இரண்டு செல்போன், ஒன்று பேசாது. அவர் ஆறு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்.

"குத்தத்த ஒத்துக்கிடணும். செய்யலைன்னு சொல்ல முடியாது, அவரே வெட்டிக் காட்டியிருக்காரு. ஒத்துக்கிட்டு, நீதிபதிகிட்ட இரக்கம் கேக்கணும். எப்படிக் கேக்கறதுன்னா, இந்த ஹூக்கு அசல் மாதிரியே இருக்குன்னாதான் பெரிய தண்டனை, மூணு வருஷம். பார்த்தாலே போலின்னு தெரியற மட்டமான சரக்குன்னா, யாரும் ஏமாந்திருக்க முடியாதுல்ல? அபராதத்தோட விட்டுடுவாங்க. பழைய கேசு ஒண்ணு இருக்கு, கைக்கடிகாரம் காப்பியடிச்சவன் ஒருத்தன் இப்படித்தான் தப்பிச்சான்."

"மட்டமான சரக்குன்னு யாரு சொல்லணும் சார்?"

"அவருதாம்மா. அவரு வாயால."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழ வேண்டிய இடத்தில் சிரிப்பு வந்ததை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

சிறையில் பார்க்கிற இடத்தில் இரட்டைக் கம்பி வலை. நடுவில் ஒரு முழம் இடைவெளி. இந்தப் பக்கம் இருபது பேர், அந்தப் பக்கம் இருபது பேர், எல்லோரும் கத்திக் கத்திப் பேசினால்தான் அவரவர் பேச்சு அவரவருக்குக் கேட்கும். ஹூக்குக்காரர் மெலிந்திருந்தார். நகக் கண்ணில் இருபது வருஷமாக இருந்த கறுப்பு போய், விரல்கள் யாருடையவோ மாதிரி வெளுத்திருந்தன.

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பாட்டுக்கு என்ன, போடறாங்க. இங்க ஒரு லேத் இருக்குது தெரியுமா? பெல்ட் அறுந்து மூலைல கிடக்கு. நான் கட்டித் தரேன்னு சொன்னேன். அதுக்கு மனு எழுதிக் குடுக்கணுமாம். அக்கா எப்படி இருக்கா?"

"இருக்காங்க. வக்கீல் ஒண்ணு சொல்லியிருக்காருங்க. கேளுங்க." அவள் வலையைப் பிடித்துக்கொண்டு முழுதும் சொன்னாள். பக்கத்தில் ஒரு கிழவர் தன் மகனிடம் மாட்டைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தின் மேல் ஏறிக் கத்த வேண்டியிருந்தது. "மட்டமான சரக்குன்னு சொல்லணும்! மட்டமான சரக்கு!"

வரிசையில் இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"எது மட்டம்?"

"நம்ம ஹூக்கு."

"ஏம்மா, உனக்குப் புத்தி கித்தி பிசகிப் போச்சா? இத்தனை வருஷத்துல ஒரு ஹூக்காவது திரும்பி வந்திருக்கா? ஒண்ணு சொல்லு. மொட்டையா இருக்குன்னு வந்துச்சு, அது வேற. ஓடலைன்னு வந்திருக்கா?"

"வரலைங்க. யாரு வந்துச்சுன்னா? கோர்ட்டுல சொல்றதுக்கு ஒரு பேச்சு."

"அக்கா கேட்டா என்ன நினைப்பா? ஒவ்வொண்ணுலயும் நூலை இழுத்து இழுத்துப் பார்த்தவ."

"அவங்களும் சொல்லச் சொன்னாங்க."

அது பொய். அக்கா அப்படிச் சொல்லவில்லை, அக்காவிடம் அவள் கேட்கவும் இல்லை.

"என்னத் திருடன்னு சொன்னாங்க, பொறுத்துக்கிட்டேன். திருடன்னா என்ன, அவன் சாமானப் பார்த்துச் செஞ்சேன், உண்மைதானே. ஆனா மட்டமான வேலைக்காரன்னு இதுவரைக்கும் ஒருத்தனும் சொன்னதில்ல. அத நானே சொல்லணுமா?"

"மூணு வருஷங்க! மூணு வருஷம் இந்த வலைக்கு அந்தப் பக்கம் நிக்கப் போறீங்களா? நான் செஞ்ச வினைக்கு நீங்க உள்ள கிடக்கறத என்னால பாக்க முடியல. நான் ராத்திரி தூங்கறேன்னு நினைக்கறீங்களா? ஒரு வார்த்தை. வாய்ல வந்து வாயோட போற வார்த்தை. எனக்காகச் சொல்லுங்க."

மணி அடித்துவிட்டது. காவலர் அவர் முதுகில் கை வைத்தார். நகர்ந்துகொண்டே, "பார்க்கலாம்" என்றார். அவர் பார்க்கலாம் என்றால் சரி என்று அர்த்தம். பதினாறு வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு அது தெரியாதா?

கேசுக்கு இரண்டு நாள் முன்னால் ஃபாக்டரியில் எல்லா மெஷினையும் நிறுத்தச் சொன்னார்கள். ஒலிபெருக்கியில் மேனேஜர் பேசினார். பெரிய நாடு நம் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது, சலுகை இன்னும் ஐந்து வருஷத்துக்கு உண்டு, ஒருவருக்கும் வேலை போகாது. நம் அரசாங்கம் இந்த வருஷம் நூற்றுப் பன்னிரண்டு வழக்குப் போட்டுத் தன் உறுதியைக் காட்டியிருக்கிறது. கைதட்டல் கூரையைப் பிய்த்தது. பக்கத்து மெஷின்காரி, மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு தவித்தவள், காலர்க்காரியைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் அழுகையில் ஒரு குற்றமும் இல்லை. காலர்க்காரியும் தட்டினாள். நூற்றுப் பன்னிரண்டில் ஒன்று என் வீட்டுக்காரர் என்று எண்ணிக்கொண்டே தட்டினாள்.

ஆளுக்கு ஒரு துண்டு கேக் கொடுத்தார்கள். தட்டோடு வந்த மேனேஜர் அவளைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கி, இரண்டு துண்டாக வைத்தார்.

"வருத்தமாத்தான் இருக்கும்மா. ஆனா நீ பண்ணது சின்ன உதவி இல்ல" என்றார்.

தூக்கி அவர் முகத்தில் அடித்திருக்க வேண்டும். ஆனால் காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. மெஷின் பக்கத்தில் நின்றபடியே இரண்டையும் தின்றாள். ருசியாக இருந்தது. அந்த ருசிக்காகத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

வழக்கு விசாரணை காலை பதினொரு மணிக்கு. கோர்ட் அறையில் மின்விசிறி ஓடியது, காற்று வரவில்லை. ஓட்டில் மழை அடித்த சத்தத்தில் பாதிப் பேச்சு காதில் விழாமல், முன் பெஞ்சுக்கு நகர்ந்து உட்கார்ந்தார்கள் அவளும் அக்காவும். அரசாங்க வக்கீல் முதலில் ஒரு வீடியோவைப் போட்டார். திரையில் காலர்க்காரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முடியை ஒதுக்கினாள். "கம்பெனி ஹூக்கு ரெண்டு மாசத்துல பல்லைக் காட்டிடும். இது வருஷக்கணக்கா உழைக்கும். அவரு கைக்கு ஈடு கிடையாது."

கூண்டில் நின்ற ஹூக்குக்காரர் திரையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். வீட்டில் அவள் அவரைப் பற்றிச் சொல்வதெல்லாம் எண்ணெய்க் கையோடு தண்ணீர்ப் பானையைத் தொடாதீர்கள், துண்டைக் கறையாக்காதீர்கள் என்பதுதான். இதை அவர் கேட்டதே இல்லை. முகம் மலர்ந்துவிட்டது மனுஷனுக்கு. கேஸ் நடக்கிற இடம் என்பதுகூட மறந்துவிட்டது. அக்கா இரண்டு மாதத்தில் முதல் தரமாகக் காலர்க்காரியின் கையைப் பிடித்தாள்.

நீதிபதியின் மேஜை மேல் ஒரு வெள்ளைத் துணியை விரித்து இரண்டு ஹூக்குகளை வைத்தார்கள்.

"இதில் உன்னுடையது எது?" என்றார் நீதிபதி.

ஹூக்குக்காரர் குனியக்கூட இல்லை. "இடது கைப் பக்கம் இருக்கறது ஐயா."

"எப்படிச் சொல்கிறாய்?"

அவர் வாயைத் திறந்தார். மூக்கை உருட்டிய கதை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. பெஞ்சில் இருந்தபடியே கையைக் கூப்பினாள். வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவர் அதைப் பார்த்தார். மலர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துபோயிற்று.

"அது மட்டமான சரக்குங்க ஐயா. அசல் நல்லா இருக்கும். இது... பார்த்தாலே தெரியும். மட்டம்."

"மட்டம் என்று உனக்கே தெரியுமா?"

"தெரியுங்க."

"தெரிந்துதான் விற்றாயா?"

அவர் மறுபடி அவளைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள், சொல்லுங்கள் என்று.

"ஆமாங்க ஐயா."

அரசாங்க வக்கீல் எழுந்து, புதுச் சட்டப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் பிரித்து நீதிபதியிடம் கொடுத்தார். அதிகம் பேசவில்லை, அதற்கு அவசியமும் இருக்கவில்லை. ஒரு கம்பெனியின் பெயரை வெட்டி விற்றதற்கு மூன்று வருஷம். அந்தச் சரக்கு மட்டமானது என்று தெரிந்தே விற்று, வாங்கியவர்களை ஏமாற்றி, கம்பெனியின் நல்ல பெயரைக் கெடுத்ததற்கு மேற்கொண்டு இரண்டு வருஷம். ஒன்றன் பின் ஒன்றாக அனுபவிக்க வேண்டும். குற்றவாளியே ஒப்புக்கொண்டதால் சாட்சிகள் தேவையில்லை என்று நீதிபதி எழுதினார். எழுதுவதற்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

வராந்தாவில் காலர்க்காரி வக்கீலின் சட்டையைப் பிடித்துவிட்டாள்.

"நீங்கதானே சொன்னீங்க? நீங்கதானே மட்டம்னு சொல்லச் சொன்னீங்க?"

"சட்டம் வந்து ஒம்பது மாசம்தாம்மா ஆகுது. அந்த செக்ஷன் ஒண்ணு உள்ள இருக்கறது எனக்கே இப்பத்தான் தெரியும். நான் சொன்ன கேசு பழைய சட்டத்துல நடந்தது. கைய எடும்மா, எல்லாரும் பாக்கறாங்க. அப்பீல் போடலாம். அப்பீல்ல, சரக்கு ஒஸ்தியான சரக்குன்னு நிரூபிச்சா இந்த ரெண்டு வருஷம் அடிபட்டுப் போயிடும்."

"அப்ப அந்த மூணு வருஷம்?"

"அது இருக்கும். சரக்கு ஒஸ்தின்னா அது குறையறதுக்கு வழியே இல்ல."

தம்பி பெண்டாட்டியைத் திட்டத் தெரிந்த அளவுக்கு அக்காவுக்கு இதைத் திட்டத் தெரியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தூணில் சாய்ந்துவிட்டாள்.

சிறை வேன் கோர்ட்டின் பின்பக்கம் நின்றது. மழையில் நனைந்துகொண்டே ஓடிப்போய்ச் சேரும்போது அவரை இறக்கிக் கொண்டுவந்திருந்தார்கள். இரண்டு கையையும் முன்னால் சேர்த்து விலங்கு. காலர்க்காரிக்கு அவர் காலில் விழ வேண்டும் போலிருந்தது. கீழே சேறும் தண்ணீருமாக இருந்தது, அதிலேயே விழப் போனாள். அவர் தடுத்தார்.

"எழுந்திரு. என்ன பண்ற, துணியெல்லாம் சேறு. அக்காவத் தனியா விடாத. எண்ணெய்த் தொட்டில தண்ணி இறங்கப் போகுது, மூடி வை."

"நான்தாங்க, எல்லாம் நான்தான்..."

"சரி விடு. உனக்கென்ன தெரியும், எனக்கென்ன தெரியும்." கோபம் இல்லை அந்தக் குரலில். கோபம் இருந்திருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும். "அஞ்சு வருஷமோ மூணு வருஷமோ, உள்ள போறதுன்னு ஆயிடுச்சு. நல்ல வேலைக்காரனாவாவது போயிருக்கலாம்மா."

போலீஸ்காரர் ஏறச் சொன்னார். வேனின் படி உயரம். விலங்கு போட்ட கையால் எதையும் பிடிக்க முடியாமல், ஈரத்தில் கால் வழுக்கி, அவர் இரண்டு தரம் ஏறப் பார்த்து முடியாமல் நின்றார். போலீஸ்காரர் குடையைப் பிடித்திருந்தார். காலர்க்காரிதான் பின்னால் போய், அவர் இடுப்பில் இரண்டு கையையும் கொடுத்து, தாங்கித் தூக்கி உள்ளே ஏற்றிவிட்டாள்.